அமெரிக்கப் பாடகர் டோனி பென்னட்டின் கடைசி ஆல்பம் "லவ் ஃபார் சேல்": கேட்டவர்களும் நேரில் பார்த்தவர்களும் எழுதுங்கள்

நெய்தல்:
2021 ஆகஸ்டில் நியூயார்க் ரேடியோ சிட்டி மியூசிக் ஹாலில் அவர் பாடிய இரண்டு இரவுகளில் ஒன்றுக்குப் போயிருந்தேன். அவருக்கு அப்போதுதான் 95 வயது நிறைந்திருந்தது. அல்சைமர் என்ற மறதி நோய் இருப்பதைக் குடும்பத்தார் பிப்ரவரியிலேயே அறிவித்துவிட்டதால் அரங்கில் அனைவருக்கும் அது தெரியும்; ஆல்பம் வெளிவர இன்னும் இரண்டு மாதம் இருந்தது. ஒவ்வொரு பாட்டு முடிந்ததும், சில வேளை முடியும் முன்பே, கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. எனக்கு அடுத்த இருக்கையில் இருந்த அமெரிக்கப் பெரியவர் மட்டும் முழங்காலில் தாளம் போட்டபடி உட்கார்ந்தே இருந்தார். ஆல்பத்தில் உடன் பாடிய லேடி காகா அவரைக் கைத்தாங்கலாக மேடையிலிருந்து அழைத்துச் சென்றபோதுகூட எழவில்லை. வெளியே வரும் வழியில், "இன்று எதைப் பாடியிருந்தாலும் தட்டியிருப்பார்கள், அது ஒரு பாடகனுக்கு மரியாதை ஆகாது" என்றார். ஆல்பம் கிராமி விருதும் வாங்கி, 2023 ஜூலையில் பென்னட்டும் மறைந்துவிட்டார். ஆல்பத்துக்குக் கிடைத்த வரவேற்பும் அந்த வகைதானோ என்ற கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

ஈரோட்டான்:
மேடையையும் ஆல்பத்தையும் நீங்கள் ஒன்றாகக் குழப்புகிறீர்கள். மருத்துவர்கள் நோயைக் கண்டறிந்தது 2016இல். பாடல்கள் பதிவானது அதற்குப் பிறகு, 2018க்கும் 2020 தொடக்கத்துக்கும் இடையில். அந்தச் செய்தியை அறியாத ஒருவரிடம் அவர் தனியாகப் பாடியிருக்கும் "சோ இன் லவ்" பாட்டைப் போட்டுக் காட்டுங்கள். நான் அதை முதலில் கேட்டது பேருந்து நிறுத்தத்தில், ஒரு காதில் மட்டும் இயர்போனை மாட்டிக்கொண்டு. குரல் மேலே ஏறும்போது கரகரக்கிறது, நீட்டிப் பிடிக்கும் இடத்தில் ஆடுகிறது. ஆனால் ஒரு சொல்லைத் தாளத்துக்குச் சற்றுப் பின்னால் எங்கே இறக்க வேண்டும் என்ற கணக்கு அப்படியே இருக்கிறது. வந்து நின்ற பேருந்தில் நான் ஏறவில்லை. அதற்கும் பரிதாபத்துக்கும் தொடர்பில்லை.

வடகரை:
ஈரோட்டான் சொல்வதில் பாதியைத்தான் ஏற்கிறேன். அந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது என்பதற்காக வரவேற்பு முழுவதும் நேர்மையானது என்று ஆகிவிடாது. பாரம்பரிய பாப் பிரிவில் விருது கிடைத்தது நியாயம். ஆனால் 2022இல் ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலிலும் அது இடம்பெற்றதற்கு, அதில் அவர்கள் பாடிய பழைய பாடலாசிரியர் கோல் போர்ட்டரின் பாடல்கள் மட்டுமே காரணம் என்று நான் நம்பத் தயாரில்லை. (அந்த விருது ஜான் பத்தீஸ்துக்குப் போனது.) என் அனுபவம் இதற்கு நேர்மாறான ஒரு கிழப்பாடகரைப் பற்றியது. 1993இல் ஃபிராங்க் சினாட்ராவின் "டூயட்ஸ்" கசெட்டை ஆசை ஆசையாக வாங்கினேன். சினாட்ரா ஹாலிவுட்டில் கேப்பிட்டல் ஸ்டூடியோவில் தனியே பாடிவிட்டுப் போய்விட, உடன் பாடியவர்கள் பிறகு வேறு வேறு ஊர்களில், சிலர் தொலைபேசிக் கம்பி வழியாக, தங்கள் பங்கைச் சேர்த்தார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது. தெரியாமலேயே, "ஐ'வ் காட் யூ அண்டர் மை ஸ்கின்" பாட்டில் யு2 குழுவின் பாடகர் போனோவின் குரல் நுழைந்த கணத்தில், இவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை என்று தோன்றிவிட்டது. விமர்சகர்கள் அதைக் கிழித்தார்கள். அமெரிக்காவில் முப்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. அதில் "நியூயார்க், நியூயார்க்" பாட்டில் உடன் பாடியவர் இதே பென்னட்தான். ஆகவே விற்பனையையோ விருதையோ கைதட்டலையோ வைத்து எதையும் நிறுவ முடியாது. இருவரும் ஒரே அறையில் நின்று பாடினார்களா என்று காதுதான் சொல்ல வேண்டும். "லவ் ஃபார் சேல்" அந்தச் சோதனையில் தேறுகிறது.

குறிஞ்சி:
என் தம்பி இந்த ஆல்பத்தைக் கேட்டுவிட்டு, "இவரையா இவ்வளவு புகழ்கிறார்கள்?" என்று முகத்தைச் சுளித்தான். என் கதை அவ்வளவுதான். புதிதாக வருகிறவர்கள் இதிலிருந்து தொடங்கவே கூடாது என்பதற்காக எழுதுகிறேன். முதலில் 1962இல் வந்த "ஐ லெஃப்ட் மை ஹார்ட் இன் சான் ஃபிரான்சிஸ்கோ" பாட்டைக் கேட்டு, முழுக் குரல் எப்படி இருந்தது என்று பழகிக்கொள்ளுங்கள். அடுத்து, 1975இல் பில் எவான்ஸின் பியானோவோடு மட்டும் பாடிய ஆல்பம். அதை இரவில், வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல், இரண்டு முறையாவது கேட்க வேண்டும். பிறகு 1994இன் "எம்டிவி அன்பிளக்டு". ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதை அவர் உண்மையிலேயே வென்றது அதற்குத்தான், அப்போது யாரும் அவருக்காக இரங்கவில்லை. 2014இல் லேடி காகாவோடு பாடிய "சீக் டு சீக்" வந்தபோது அவருக்கு 88 வயது. அதையும் முடித்த பிறகே கடைசி ஆல்பத்துக்கு வரலாம். கைபேசி ஒலிபெருக்கியில் கேட்பதைத் தவிர்க்கவும்.

நெய்தல்:
குறிஞ்சி, அந்த 1975 ஆல்பம் எனக்கு மனப்பாடம். நான் பாடத்திட்டம் கேட்கவில்லை.

தட்டச்சுக்காரி:
நியூஜெர்சியில் முதியவர்களை வீட்டில் வைத்துக் கவனித்துக்கொள்ளும் வேலையில் இருக்கிறேன். நான் பார்த்துக்கொண்ட ஒருவருக்குக் காலையில் என்ன சாப்பிட்டார் என்பது மதியம் நினைவில் இருக்காது. ஒருநாள் இந்த ஆல்பத்தின் "நைட் அண்ட் டே" பாட்டைப் போட்டேன். அவர் முதல் அடியிலிருந்து சொல் பிசகாமல் கூடவே பாடினார். நடுவில் நிறுத்தி, "அந்தப் பெண் அவசரப்படுகிறாள், அவன் காத்திருக்கிறான் பார்" என்றார். கண்ணீர் விட்டார், கையைப் பிடித்தார் என்றெல்லாம் எழுத எனக்கு ஆசைதான். நடந்தது அதுவல்ல, அவர் குறை கண்டுபிடித்தார். பென்னட்டை முடிந்தவரை பாடவிடுங்கள் என்று அவருடைய நரம்பியல் மருத்துவர் காயத்ரி தேவி சொன்னதாகப் படித்தபோது எனக்கு வியப்பாக இல்லை. நெய்தல் அவர்களே, உங்கள் பக்கத்து இருக்கைக்காரர் தட்டியவர்களைப் பற்றித்தான் பேசியிருக்கிறார், பாடியவரைப் பற்றி அல்ல. அவரும் தாளம் போட்டுக்கொண்டுதானே இருந்தார்?