அப்பாவின் ஹெரால்டும் அதை வாங்க வந்தவர்களும்

மயிலாப்பூர் வாசி:

வீட்டில் மூடிக் கிடக்கும் பெரியவர்களின் காரை விற்க நினைப்பவர்கள், காரைத் துடைப்பதற்கு முன்னால் வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வையுங்கள். இறந்துபோனவர் பெயரில் இருக்கும் காரை விற்கும் உரிமை நமக்குத் தானாக வந்துவிடுவதில்லை. வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டு வாசலில் வந்து நிற்பவர்களால்தான் நான் இதை எழுதுகிறேன்.

எங்களுடையது 1969-ஆம் ஆண்டு ஸ்டாண்டர்ட் ஹெரால்டு மார்க் 3. 948 சி.சி. என்ஜின், நான்கு கதவுகள். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வந்த கார். வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான மிக்கெலோட்டி. 1961 முதல் நம் ஊரில், வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலையில் செய்தார்கள். நான்கு கதவு வைத்த ஹெரால்டை இங்கிலாந்துக்காரர்கள் கடைசிவரை செய்யவே இல்லை. அது சென்னையில் மட்டுமே பிறந்த கார். விற்கிறவருக்கு இந்த விவரம் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு வந்த விலையைத் தீர்மானித்ததே இதுதான்.

கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அப்பா ஓட்டுவதை நிறுத்திவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போர்டிகோவிலேயே கிளப்பி, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். அவர் காலமான பிறகு அதுவும் இல்லை. இப்போது பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டுவதற்குக் கட்டுநருடன் ஒப்பந்தம் ஆகிவிட்டதால் கார் போயே தீரவேண்டிய நிலை.

முதலில் வந்தவர் ஒரு தரகர். யார் சொல்லி வந்தார் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. பானெட்டின் மேல் படிந்திருந்த தூசியில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டு, “இரும்பு விலைதான் வரும் அம்மா” என்றார். கதவைத் திறக்கவில்லை, என்ஜினைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து 25,000 ரூபாயை எடுத்து அம்மா கையில் கொடுக்கப் போனார். காகிதங்களைப் பற்றிக் கேட்டேன். வண்டி கைமாறும்போது ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுக்கும் படிவம் 29, படிவம் 30 இரண்டையும் நிரப்பாமல் தந்தால் போதும், “ஐயாவின் பழைய கையெழுத்து ஏதாவது இருந்தால் கொடுங்கள், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். இறந்த மனிதரின் கையெழுத்தைப் போடுவதாக அவருடைய மனைவியிடமே சொல்கிறார்! அம்மா பணத்தைத் தொடவே இல்லை. “நீங்கள் கிளம்புங்கள்” என்று மட்டும் சொன்னார். அம்மா அவ்வளவு கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

இது கோபப்பட்டுவிட்டு விட்டுவிடுகிற விஷயம் அல்ல. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதைப் படியுங்கள். அந்தக் கார் பல கை மாறிவிட்டது, ஆனால் ஆர்.சி. மட்டும் முதலில் விற்றவர் பெயரிலேயே இருந்தது. பிறகு நடந்த விபத்துக்கு இழப்பீடு கொடுக்க வேண்டியவர் பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் என்று தீர்ப்பானது. படிவத்தில் வெறும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது என்றால் முகம் தெரியாத ஒருவர் செய்யப்போகும் விபத்துக்கும் சேர்த்துக் கையெழுத்துப் போடுவது.

முறையான வழி கொஞ்சம் நீளமானது, ஆனால் கடினமானது அல்ல. உரிமையாளர் இறந்த 30 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டால், மூன்று மாதம் வரை வாரிசு அந்த வண்டியைப் பயன்படுத்தலாம். அதற்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் எல்லாம் தேவை. என் அண்ணன் மஸ்கட்டில் இருக்கிறார். அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டுச் சான்று பெற்றுச் சம்மதக் கடிதத்தை அனுப்பினார். வெளிநாட்டில் உடன்பிறப்பு உள்ளவர்கள் இந்த வேலையை முதல் வாரமே தொடங்கிவிடுவது நல்லது. எல்லாவற்றிலும் அதிக நாள் பிடித்தது அதுதான்.

எங்களுக்கு இன்னொரு முடிச்சும் இருந்தது. சொந்தக் காருக்குப் பதிவு 15 ஆண்டு செல்லும். அதற்குமேல் ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அப்பா கடைசியாகப் புதுப்பித்தது காலாவதியாகியிருந்தது. கட்டணமும் முன்புபோல் இல்லை. 600 ரூபாயாக இருந்தது 2022 ஏப்ரலில் 5,000 ஆனது. 2025 ஆகஸ்ட் அறிவிப்பில் 20 ஆண்டு தாண்டிய கார்களுக்கு 10,000 ஆகிவிட்டது. தாமதக் கட்டணமும் பசுமை வரியும் தனி. ஆய்வாளர் வண்டியை நேரில் பார்க்க வேண்டும், அதற்கு வண்டி ஓட வேண்டும்.

இங்கேதான் ராயப்பேட்டையிலிருந்து ஒரு மெக்கானிக் பெரியவர் வந்தார். இளவயதில் ஹெரால்டுகளில் வேலை பார்த்தவர். ஹெரால்டின் பானெட், மட்கார்டுகளோடு சேர்ந்து ஒரே துண்டாக முன்பக்கம் சாயும். அதைச் சாய்த்துவிட்டு, முன் டயரின் மேல் உட்கார்ந்து வேலை செய்யலாம். அவர் அப்படியே உட்கார்ந்தார், ஆனால் சாவியைத் தொடவில்லை. என் கணவர் புதுப் பேட்டரி வாங்கி வைத்திருந்தார். “அது இருக்கட்டும் தம்பி, இப்போது சுற்றினால் பிஸ்டன் உள்ளே கோடு போட்டுவிடும்” என்றார் பெரியவர். பிளக்குகள் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஆயில் ஊற்றி, ஒரு இரவு விட்டுவிட்டுப் போனார். மறுநாள் விசிறி பெல்ட்டைப் பிடித்துக் கையாலேயே மெல்லச் சுற்றினார். முதலில் அசையவில்லை. பிறகு விரல்கடை அளவு நகர்ந்தது, பிறகு முழுச் சுற்று வந்தது. அந்த முகத்தில் வந்த சிரிப்பைப் பார்த்த பிறகு காரை இரும்புக்கு விற்கும் பேச்சை அம்மா எடுக்கவே இல்லை.

டேங்க்கில் இருந்த பெட்ரோல் வார்னிஷ் வாடை அடித்தது. முழுவதையும் இறக்கி டேங்க்கைக் கழுவினார்கள். பிரேக் சிலிண்டர்கள் இறுகிப்போயிருந்தன. டேஷ்போர்டின் பின்னால் எலி வயர்களைக் கடித்து, பழைய தினத்தாள்களைக் கிழித்து மெத்தை போட்டிருந்தது. ரப்பர் சாமான்களுக்குப் புதுப்பேட்டைக் கடைகளில் அலைந்தோம். ஹெரால்டுக்கு என்று கேட்டால் இளைஞர்கள் உதட்டைப் பிதுக்குகிறார்கள். கடைக்குள் இருக்கும் பெரியவர்களைக் கூப்பிடச் சொல்லுங்கள்.

சேசிஸ் எண்ணை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில் பொறித்த எண்ணைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதன் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்சு எடுத்துக் கொடுக்க வேண்டும். துரு இருக்கிறது என்று உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது. எண் மழுங்கினால் திருத்தியதாகச் சந்தேகம் வரும். மண்ணெண்ணெய் நனைத்த துணியால் பொறுமையாகத் துடைத்தார் எங்கள் பெரியவர். ஒவ்வொரு எண்ணாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பதிவு காலாவதியான வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது என்பதால் ரெக்கவரி வண்டியில் ஏற்றித்தான் ஆய்வுக்குக் கொண்டுபோனோம்.

அம்மா பெயருக்கு ஆர்.சி. மாறிய பிறகுதான் விற்பனைக்கு என்று சொன்னோம். திரைப்படக் கலைத் துறையிலிருந்து ஒருவர் வந்தார். சிவப்பு வண்ணம் அடித்துத் தந்தால் வாடகைக்கு எடுப்பதாகச் சொன்னார். வேண்டாம் என்றோம்.

கடைசியாக வந்தவர் கோயம்புத்தூர்க்காரர், வயது முப்பதுக்குள் இருக்கும். தரகர் போல் அவர் தூரத்தில் நிற்கவில்லை. துணி சுற்றிய சிறு காந்தத்தைக் கதவின் அடிப்பகுதி, சக்கர வளைவு, டிக்கி ஓரம் என்று அங்குலம் அங்குலமாக வைத்துக்கொண்டே போனார். தகடு இருக்கும் இடத்தில் காந்தம் பிடிக்கும், பட்டி பூசிய இடத்தில் நழுவும். நழுவிய இடங்களைச் சுண்ணாம்புக்கட்டியால் குறித்தார், எங்களிடமும் காட்டினார். பிறகு தரையில் படுத்துச் சேசிஸைப் பார்த்தார். எழுந்து வந்து அவர் கேட்டது விலையை அல்ல. “அப்பா வைத்திருந்த பழைய பில்கள் ஏதாவது இருக்கிறதா, அம்மா?” என்றார். அப்பா எதையும் தூக்கி எறியாதவர். பெட்ரோல் கணக்கு எழுதிய நோட்டு, சர்வீஸ் ரசீதுகள், ஜாக்கி, சக்கர மூடிகள் எல்லாம் பரணில் இருந்தன. அவற்றைப் பார்த்துவிட்டுத் தான் சொல்லவிருந்த தொகையை உயர்த்தியே சொன்னார். தரகர் நீட்டியதைவிடப் பல மடங்கு. சரியான தொகையை வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை.

அவர் அதைப் பழம்பெரும் வாகனமாகப் பதியப்போகிறார். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டி, சேசிஸ், பாடி, என்ஜினில் பெரிய மாற்றம் செய்யாத கார்களுக்கு 2021-இல் மத்திய அரசு தனி விதி கொண்டுவந்தது. எண்ணில் ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும். அன்றாட ஓட்டத்துக்கு அனுமதி இல்லை, கண்காட்சிக்கும் பழைய கார்களின் பேரணிக்கும் கொண்டுபோகலாம். இதனால்தான் மாற்றாமல் வைத்திருந்த காருக்கு இப்போது மதிப்பு. உங்கள் வீட்டில் 1970-களின் தொடக்கத்திலோ அதற்கு முன்போ பதிந்த கார் இருந்தால், யாரும் அதை இரும்பு என்று சொல்ல விடாதீர்கள்.

பெரம்பூர் உறுப்பினர்:

எங்கள் மாமனாரின் அம்பாசடர் வேறு கதை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்டியரிங் வரை தண்ணீரில் நின்றது. அதன்பிறகு யாரும் கைவைக்கவில்லை. தரைத் தகட்டில் கால் வைத்தால் உள்ளே போகும். அம்பாசடர் 2014-ஓடு நின்றுபோனதால் நல்ல கிராக்கி இருக்கும் என்று உறவினர்கள் சொன்னார்கள். எங்கள் வண்டிக்கு அது பொருந்தவில்லை. பார்த்தவர்கள் கதவையும் கண்ணாடியையும் மட்டும் கேட்டார்கள்.

பிரித்து விற்கும் எண்ணத்தைக் கைவிட்டு, பழைய வண்டிகளை உடைக்கும் பதிவு பெற்ற மையத்தில் ஒப்படைத்தோம். தொகை குறைவுதான். ஆனால் ஒப்படைப்புச் சான்றிதழ் தந்தார்கள், அதை வைத்துப் பதிவும் ரத்தானது. எனக்கு அதுதான் முக்கியம். பழைய சாமான் கடையில் தள்ளிவிட்டுவந்தால் நம் எண் எந்த வண்டியில் ஏறி எங்கே ஓடும் என்று யாருக்குத் தெரியும்? பதிவு ரத்தாகும்வரை அது நம் வண்டிதான். மாமியாருக்காக ஸ்டியரிங்கை மட்டும் கழற்றித் தரும்படி கேட்டேன், முழு வண்டியாகத்தான் எடுப்போம் என்றார்கள். மாமியார் பானெட் முன் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

பெசன்ட் நகர் உறுப்பினர்:

சித்தப்பாவின் பிரீமியர் பத்மினி என் பொறுப்பில் வந்தது. ஃபியட் 1100 டிலைட்டாக 1964-இல் தொடங்கி, 1974-இல் பத்மினி என்று பெயர் மாறிய அதே வண்டி. கடற்காற்றில் கதவுகளின் கீழ்விளிம்பு அப்பளம் போல் உதிர்ந்தது. பெசன்ட் நகர், திருவான்மியூர்க்காரர்கள் காரைத் தார்பாய் போட்டு இறுக மூடாதீர்கள், ஈரம் உள்ளேயே தங்கிவிடும்.

இணையத்தில் விளம்பரம் கொடுத்த அன்றே ஒருவர் அழைத்தார். ராணுவத்தில் இருப்பதாகவும், நேரில் வர இயலாது என்றும், காரைப் பார்க்காமலேயே முன்பணம் அனுப்புவதாகவும் சொன்னார். விலையில் பேரமே பேசவில்லை. பிறகு ஒரு கியூஆர் குறியீட்டை அனுப்பி, பணம் வந்துசேர அதை ஸ்கேன் செய்து ரகசிய எண்ணைப் போடச் சொன்னார். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. போட்டால் நம் கணக்கிலிருந்து பணம் போகும். நான் போனை வைத்துவிட்டேன். ஆனால் முதியவர்கள் தனியாக இருக்கும் வீட்டில் இந்த அழைப்பு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று முழுவதும் மனம் கொதித்தது. விளம்பரப் படத்தில் நம்பர் பிளேட்டை மறைத்துப் போடுங்கள். அதே படத்தை எடுத்துத் தன் கார் என்று சொல்லி இன்னொருவரிடம் முன்பணம் பறிக்கிறார்கள்.

இன்னொருவர் நேரில் வந்து, ஸ்டியரிங்கை ஒட்டியிருக்கும் கியர் கம்பியைத் தொட்டதும் கண் கலங்கி, ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கக் கேட்டார். இன்சூரன்ஸ் இல்லாததால் மறுத்தேன். மூன்றாம் நபர் காப்பீடு போட்டபின் அவரையே அழைத்து ஓட்டச் சொன்னேன். எலியட்ஸ் கடற்கரைச் சாலைவரை போய்வந்து, அவரே வாங்கிக்கொண்டார்.

வில்லிவாக்கம் உறுப்பினர்:

தாத்தாவின் 1972 ஸ்டாண்டர்ட் கசல், ஹெரால்டுக்கு அடுத்து வந்த கார், எங்களிடம் இருக்கிறது. விற்பதற்கு முன் வண்ணம் அடித்துவிடலாமா? அடித்தால் விலை கூடும் என்கிறார் பக்கத்து ஒர்க்‌ஷாப்காரர்.

மயிலாப்பூர் வாசி:

அடிக்காதீர்கள். புது வண்ணத்தைப் பார்த்ததும் அதன் அடியில் என்ன இருக்கிறது என்றுதான் தெரிந்தவர்கள் யோசிப்பார்கள். அந்தப் பணத்தைப் பிரேக்குக்கும் டேங்க்குக்கும் செலவிடுங்கள். தாத்தா பெயரிலிருந்து நேரே யார் பெயருக்கு மாற்றுவது என்று வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பேசி, வாரிசுச் சான்றிதழுக்கு இ-சேவையில் விண்ணப்பியுங்கள். பரணையும் ஒருமுறை பாருங்கள். எங்கள் பெரியவரின் எண் வேண்டுமென்றால் தனிச்செய்தியில் கேளுங்கள், அவரிடம் சம்மதம் கேட்டுவிட்டு அனுப்புகிறேன்.