சிறுவர் புத்தகக் கடை வெப்சைட்டை மாற்றி அமைக்கிறோம்: எதை முதலில் தொடுவது?

நாஞ்சில் அலமாரி:

நாகர்கோவிலில் சிறுவர் புத்தகங்கள் மட்டும் விற்கும் கடை. ஏறக்குறைய 1,800 தலைப்புகள். பாதிக்கு மேல் தமிழ், அப்புறம் ஆங்கிலம், தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த இருமொழிப் புத்தகங்கள், ஒரு அலமாரி மலையாளம். மரப்பொம்மை, புதிர் அட்டைகள் கொஞ்சம் உண்டு. வெப்சைட் வேர்ட்பிரஸிலும், அதில் விற்பனையைப் பார்த்துக்கொள்ளும் வூகாமர்ஸ் பிளகினிலும் ஓடுகிறது.

வருகிறவர்களில் பெரும்பாலானோர் ஃபோனில்தான் பார்க்கிறார்கள். கூடையில் போடுகிறார்கள், பணம் கட்டாமல் போய்விடுகிறார்கள். பிறகு அவர்களே வாட்ஸ்அப்பில் வந்து, "ஆறு வயசுப் பிள்ளைக்குத் தமிழ்ல என்ன இருக்கு? மார்த்தாண்டத்துக்கு அனுப்ப எவ்வளவு ஆகும்?" என்று கேட்கிறார்கள். தமிழில் தேடினால் கையில் இருக்கிற புத்தகமே "இல்லை" என்று வருகிறது. புதுத் தீம் (வெப்சைட்டின் தோற்றம்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் ஒரு டிசைனர். செலவு செய்யும் முன் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டுக்கொள்ள நினைத்தேன்.

பட்டியல் பைத்தியம்:

தீம் மாற்றும் வேலையை இப்போது தொடாதீர்கள். வாட்ஸ்அப்பில் வருகிற அந்தக் கேள்வியிலேயே உங்களுக்கு வேண்டிய டிசைன் இருக்கிறது: வயது, மொழி, அனுப்பும் செலவு. இந்த மூன்றும் புத்தகப் பக்கத்தில் இல்லாததால்தான் ஆட்கள் கூடையோடு நின்றுவிடுகிறார்கள். விவரம் இல்லாத பட்டியலுக்கு எந்தத் தீம் போட்டாலும் அட்டைப்படம்தான் பெரிதாகத் தெரியும்.

முதலில் ஒரு எக்செல் தாள். தலைப்பு தமிழில், அதே தலைப்பு ஆங்கில எழுத்தில், எழுத்தாளர், ஓவியர், மொழிபெயர்ப்பாளர், பதிப்பகம், மொழி, பக்கங்கள், கட்டு (கெட்டி அட்டையா, சாதா அட்டையா, சின்னப் பிள்ளைகளுக்கான போர்டு புத்தகமா), நீளம் அகலம் தடிமன், எடை, ஐ.எஸ்.பி.என். (புத்தகத்தை அடையாளம் காட்டும் எண்). இந்த ஐ.எஸ்.பி.என். நெடுவரிசையை எண்களை ஒட்டும் முன்பே "டெக்ஸ்ட்" என்று மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் 13 இலக்கம் 9.78E+12 என்று சுருங்கி நிற்கும், அப்படியே வெப்சைட்டில் ஏற்றும் சி.எஸ்.வி. கோப்பாகச் சேமித்தால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், திரும்பக் கிடைக்காது. சிறிய பதிப்பகப் புத்தகங்கள் சிலவற்றில் ஐ.எஸ்.பி.என். இருக்காது. அவற்றுக்குக் கடையின் சொந்தக் குறியீடு கொடுங்கள். கட்டத்தைக் காலியாக விட வேண்டாம்.

வயதை ஒரே நெடுவரிசையில் அடைக்க வேண்டாம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "வாசித்துக் காட்ட ஏற்ற வயது" ஒன்று, "தானே வாசிக்கும் நிலை" இன்னொன்று. நம் மாவட்டத்தில் ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் நிறைய. ஒன்பது வயதுப் பிள்ளை ஆங்கிலத்தில் சரளமாக வாசிக்கும், தமிழில் எழுத்துக்கூட்டும். அந்தப் பிள்ளைக்கு "4-6 வயது" என்று போட்ட புத்தகத்தை எந்த அம்மாவும் வாங்கமாட்டார், பிள்ளைக்கும் அது அவமானம். அதனால் நிலையைச் சொற்களின் அளவால் குறியுங்கள். பிரதம் புக்ஸின் சிறுவர் கதைத் தளமான ஸ்டோரிவீவரில் முதல் நிலை 250 சொல் வரை, இரண்டாம் நிலை 600 வரை, மூன்றாம் நிலை 1,500 வரை, அதற்கு மேல் நான்காம் நிலை. அதே அளவைப் பின்பற்றினால் பள்ளி ஆசிரியர்களுக்கும் உடனே புரியும்.

படம்: முன்னட்டை ஒன்று, உள்பக்கம் இரண்டு. எழுத்து எவ்வளவு பெரிது, ஒரு பக்கத்தில் எத்தனை வரி என்பது உள்பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். கடைக்கு நேரில் வருகிறவர் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதும் அதற்குத்தான். உள்பக்கம் போடப் பதிப்பகத்திடம் மெயிலில் அனுமதி வாங்கி வையுங்கள். நீளவாக்கில் 1,000 பிக்சல், வெப்பி (WebP) வடிவம், 100 கே.பி.க்குள் இருந்தால் போதும்.

1,800-ஐயும் முடித்துவிட்டுத்தான் திறக்க வேண்டும் என்றில்லை. அதிகம் விற்கும் 300 தலைப்புகளை முழுமையாக முடியுங்கள். மற்றவை பழைய விவரத்தோடு இருக்கட்டும்.

தக்கலை யூனிகோட்:

பட்டியல் பைத்தியம் சொன்னதோடு தேடலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வூகாமர்ஸின் இயல்பான தேடல் தலைப்பையும் விவரணையையும்தான் பார்க்கும். எழுத்தாளர் பெயரைப் பண்புக்கூறாக (அட்ரிபியூட்) மட்டும் போட்டிருந்தால் அது தேடலில் வராது.

தமிழ் "இல்லை" என்று வருவதற்கு வழக்கமாக மூன்று காரணம். ஒன்று, பதிப்பகம் கொடுத்த பட்டியல் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்து, மாற்றும்போது சிதைந்திருக்கும். இரண்டு, "கொ" என்பதைக் க, ொ என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். க, ெ, ா என்று மூன்று குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், தேடலுக்கு வேறு. "கௌ"வில் இன்னும் மோசம், ஔகாரக் குறிக்குப் பதில் ளகரத்தையே தட்டிவிடுவார்கள். பட்டியல் முழுவதையும் ஒருமுறை என்.எஃப்.சி. (இப்படி இரண்டு விதமாக எழுதியதை ஒரே வடிவமாக்கும் யூனிகோட் முறை) முறையில் சீராக்கி ஏற்றுங்கள். ளகரப் பிழையை மட்டும் அது திருத்தாது, தனியாக மாற்ற வேண்டும். தேடுபவர் தட்டுவதையும் அதே முறையில் சீராக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, ஒற்றும் இடைவெளியும். "குழந்தைப் பாடல்கள்", "குழந்தை பாடல்கள்", "குழந்தைப்பாடல்கள்" என்று மூன்று விதமாகவும் தட்டுவார்கள். தேடலுக்கென்று மறைவாக ஒரு புலம் (விவரக் கட்டம்) வைத்து, தேடல் அதையும் பார்க்கும்படி செய்து, அதில் தலைப்பைச் சொல்லிறுதி க், ச், த், ப் நீக்கி, இடைவெளி இல்லாமலும் ஒரு முறை எழுதி வையுங்கள். சேர்த்து எழுதிய சொல்லின் நடுவே நிற்கும் ஒற்று இந்த விதியில் சிக்காது, அந்த வடிவத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டும். ஆங்கில எழுத்துத் தலைப்பையும் அதிலேயே போட்டால், ஆங்கில எழுத்தில் தமிழ் தட்டுகிறவர்களுக்கும் அதே புலம்தான் கைகொடுக்கும்.

பக்க முகவரியைத் தமிழில் வைக்காதீர்கள். ஒவ்வொரு தமிழ்க் குறியும் முகவரியில் ஒன்பது எழுத்தாக விரியும். "கதைகள்" என்ற ஒரு சொல்லே 54 எழுத்து. வேர்ட்பிரஸ் முகவரிக்கு ஒதுக்கிய இடம் 200 தான், நீளமான தலைப்பு நடுவில் வெட்டுப்படும். வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அரைப்பக்கத்துக்கு நிற்கும்.

தீம் எதுவானாலும் வரி உயரம் 1.6, எழுத்து இடைவெளி பூஜ்யம். ஆங்கிலத்துக்காகச் செய்த தீம்களில் தலைப்பின் வரி உயரம் 1.2 இருக்கும், இரண்டு வரித் தலைப்பில் மேல்வரியில் கீழே இறங்கும் குறியும் (து போல) கீழ்வரியில் மேலே ஏறும் குறியும் (கி போல) முட்டிக்கொள்ளும். பொத்தான்களில் "கூடையில் சேர்" அளவுக்குச் சுருக்கமாக எழுதுங்கள்.

குழித்துறை பார்சல்:

பட்டியல் வேண்டியதுதான். ஆனால் அது மாதக்கணக்கான வேலை. செக்அவுட்டையும் (பணம் கட்டும் பக்கம்) அனுப்பும் கட்டணத்தையும் இந்த வாரமே சரிசெய்யலாம், அதைத்தான் முதலில் செய்ய வேண்டும் என்பேன். கூடை வரை வந்தவர் ஏற்கெனவே புத்தகத்தைத் தேர்ந்துவிட்டவர்.

குமரி மாவட்டத்துப் பின்கோடெல்லாம் 629-இல் தொடங்கும். வூகாமர்ஸில் ஷிப்பிங் மண்டலம் ஒன்று உருவாக்கி 629* என்று போடுங்கள். அந்த மண்டலம் "தமிழ்நாடு" மண்டலத்துக்கு மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் மேலிருந்து முதலில் பொருந்துவதைத்தான் அது எடுக்கும். உள்ளூருக்கு ஒரே கட்டணம், "கடையில் வந்து வாங்கிக்கொள்கிறேன்" என்பது கட்டணமில்லாமல். இந்தக் கட்டணத்தைப் புத்தகப் பக்கத்திலேயே விலைக்குக் கீழே எழுதிவிடுங்கள்.

வெளியூருக்கு எடைப்படி கட்டணம் வேண்டும் என்றால் வூகாமர்ஸில் அது உள்ளபடியே கிடையாது, பிளகின் தேவை. படப் புத்தகத்தில் கவனிக்க வேண்டியது கன அளவு எடை, அதாவது பொட்டலத்தின் நீளம், அகலம், உயரத்தைப் பெருக்கிக் கணக்கிடும் எடை. கட்டிய பொட்டலம் 32 × 32 × 5 செ.மீ. என்றால் 5,120, கூரியர்கள் வழக்கமாக வகுப்பது 5,000-ஆல். அப்படியானால் 1.02 கிலோ. புத்தகம் 600 கிராம்தான் இருந்தாலும் ஒரு கிலோவைத் தாண்டிய கட்டணம்தான். அதனால்தான் அளவுகளும் தாளில் இருக்க வேண்டும். தபால் துறையின் புத்தகங்களுக்கான சேவை ஞான் போஸ்ட் 2025 மே முதல் இருக்கிறது: 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. தரைவழி என்பதால் மெதுவாகப் போகும், கண்காணிப்பு உண்டு. புத்தகத்தில் அச்சகம் அல்லது பதிப்பகத்தின் பெயர் இருக்க வேண்டும், பொம்மை சேர்க்க முடியாது. உங்கள் புத்தகங்களை ஏற்பார்களா என்று தலைமை அஞ்சலகத்தில் மாதிரிகளைக் காட்டிக் கேட்டுவிட்டு வெப்சைட்டில் போடுங்கள். பொம்மைக்குத் தனி ஷிப்பிங் வகுப்பு வைத்துவிட்டால் கலந்து வரும் ஆர்டரில் குழப்பம் வராது.

பொம்மையில் இன்னொரு விஷயம். அச்சிட்ட புத்தகத்துக்கும் பிள்ளைகளின் படப் புத்தகத்துக்கும் ஜி.எஸ்.டி. இல்லை. பொம்மைக்கு உண்டு. வரி உள்ள பொருளை வேறு மாநிலத்துக்கு விற்றால், தொகை எவ்வளவு சிறியதானாலும் ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும். களியக்காவிளை தாண்டிக் கேரளத்துப் பாறசாலைக்கு ஒரு புதிர் அட்டை அனுப்பினாலும் அது வெளிமாநில விற்பனைதான். பதிவு இல்லை என்றால் பொம்மையைத் தமிழ்நாட்டு முகவரிகளுக்கு மட்டும் திறந்து வையுங்கள், ஆடிட்டரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

செக்அவுட்டில் கணக்குத் தொடங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தாதீர்கள். நிறுவனப் பெயர், இரண்டாம் முகவரி வரி இரண்டையும் எடுத்துவிடுங்கள். அடுத்தது யூபிஐ. பணம் கட்டியவர் வெப்சைட்டுக்குத் திரும்பாமல் ஆப்பை மூடிவிடுவார். கட்டண நிறுவனத்தின் வெப்ஹூக் (பணம் வந்ததைத் தானாக வெப்சைட்டுக்குச் சொல்லும் இணைப்பு) இணைக்காமல் இருந்தால் ஆர்டர் "பணம் வரவில்லை" என்றே நிற்கும், இயல்பு அமைப்பில் 60 நிமிடத்தில் ரத்தாகும். பணம் போனது, புத்தகம் வரவில்லை என்ற புகார் பெரும்பாலும் இதுதான். கேச் பிளகின் (பக்கங்களின் நகலைச் சேமித்து வேகமாகக் காட்டுவது) இருந்தால் கூடை, செக்அவுட், கணக்கு மூன்று பக்கங்களையும் அதிலிருந்து விலக்குங்கள். இல்லாவிட்டால் ஒருவர் போட்ட கூடை காலியாகத் தெரியும்.

நாஞ்சில் அலமாரி:

மூவருக்கும் நன்றி. குழித்துறை அண்ணன் சொன்னபடி செக்அவுட்டை முதலில் முடிக்கிறேன், பட்டியல் வேலையும் கூடவே நடக்கட்டும். இன்னும் இரண்டு கேள்வி. நிறைய தலைப்புகள் ஒரே ஒரு பிரதிதான் இருக்கும், கடையில் விற்ற அதே நேரத்தில் வெப்சைட்டிலும் ஆர்டர் விழுகிறது. பள்ளி நூலக ஆர்டரை எப்படி வைப்பது?

பட்டியல் பைத்தியம்:

பில்லிங்கும் வெப்சைட்டும் ஒரே ஸ்டாக்கைப் பார்க்க வேண்டும், அதுதான் சரியான தீர்வு. அது வரும்வரை ஒற்றைப் பிரதிகளை வெப்சைட்டில் "கேட்டு உறுதி செய்யவும்" என்று வைத்து, பொத்தானை வாட்ஸ்அப்புக்கு இணையுங்கள். இரண்டு பிரதியாவது இருப்பதை மட்டும் நேரடியாக விற்கலாம். ஸ்டாக் தீர்ந்த புத்தகத்தின் பக்கத்தை அழிக்காதீர்கள். பதிப்பகத்திலிருந்து வரவழைக்க எத்தனை நாள் ஆகும் என்று எழுதி அப்படியே விடுங்கள். முகவரி மாறும் பக்கங்கள் எல்லாவற்றுக்கும் 301 திருப்பல் (பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதிய முகவரிக்கு அனுப்புவது) போட வேண்டும், பழைய வாட்ஸ்அப் லிங்குகள் செத்துவிடக்கூடாது.

பள்ளிகள் காசோலை, வங்கிப் பரிமாற்றம்தான் கேட்கும், முன்கூட்டியே விலைப்பட்டியலும் கேட்கும். அதற்குத் தனிப் படிவம் வையுங்கள்: பள்ளிப் பெயர், வகுப்புகள், மொழி, மொத்தத் தொகை வரம்பு. சாதாரண செக்அவுட்டில் "வங்கிப் பரிமாற்றம்" திறந்துவிட்டால் ஆர்டர் "நிறுத்திவைப்பு" நிலைக்குப் போகும், ஸ்டாக் உடனே குறையும், அந்த 60 நிமிட ரத்து இதற்குப் பொருந்தாது. பணம் வராத பள்ளி ஆர்டர் நாற்பது புத்தகத்தைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கும், யாராவது கையால் ரத்து செய்யும்வரை.

குழித்துறை பார்சல்:

குறைதீர் அலுவலரின் பெயர், முகவரி, ஃபோன் எண்ணைத் தளத்தில் போட மறக்காதீர்கள். 2020 மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பேக்கிங்கில், நமக்கு இரண்டு பருவமழையும் உண்டு, அட்டைப்பெட்டிக்குள் ஒரு பாலிதீன் உறை கட்டாயம். போர்டு புத்தகம் நனைந்தால் அடுக்கடுக்காகப் பிரிந்துவிடும். மாற்றத்தை ஜூலை, ஆகஸ்டில் வைத்துக்கொள்ளுங்கள். நவம்பர் 14-க்கும் கிறிஸ்துமஸுக்கும் ஆர்டர் குவியும்போது புது செக்அவுட்டைச் சோதிக்கக் கூடாது.