மேலத்தெரு வீட்டார் குழு: ஞாயிற்றுக்கிழமைக்கு 30 சிப்பம்

கார்த்தி: எல்லோருக்கும் வணக்கம். ஞாயிறு காலை களத்துக் கொட்டகையில் இறக்கையைச் சோதிக்கப் போகிறேன். அங்கே அடுக்கியிருக்கும் 30 சிப்பம் நெல்லும் ஒரு நாளைக்கு வேண்டும்.

பாபநாசம் அத்தை: எந்த இறக்கை

ரேவதி அக்கா: கார்த்தி கட்டும் விமானத்தின் இறக்கை அத்தை

பாபநாசம் அத்தை: ஞாயிறு இவன் பறக்கப் போகிறான் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்களே. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை

கார்த்தி: இல்லை அத்தை. இன்னும் என்ஜினே வாங்கவில்லை. அனுமதி இல்லாமல் ஒரு சாண் கூட எழும்ப மாட்டேன். தஞ்சாவூரில் விமானப்படைத் தளமே இருக்கிறது, சுகோய் போர் விமானம் பறக்கிற வானம்.

பெரியப்பா: நெல் எதற்கு

கார்த்தி: பெரியப்பா, இது இரண்டு பேர் உட்காரும் மைக்ரோலைட், எடை குறைந்த குட்டி விமானம். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 450 கிலோவுக்குள் அடங்க வேண்டும். இறக்கையின் எடை 50 போனால் மீதி 400 கிலோ அதன் மேல்தான். நேராகப் பறந்தால் அவ்வளவே. ஆனால் 60 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினாலே பாரம் இரண்டு மடங்கு. நான் 4 மடங்கு தாங்கும்படி வரைந்திருக்கிறேன். 1600 கிலோ, ஒரு பக்கத்துக்கு 800. சிப்பம் 40 கிலோ என்றால் 20 சிப்பம். ஏற்றி இறக்கிய பிறகு துளி வளைவு கூட மிஞ்சக் கூடாது. அப்புறம் அதில் பாதி கூடுதலாக ஏற்றி 30. அதை 3 விநாடி முறியாமல் தாங்க வேண்டும்.

மணி சித்தப்பா: முறிந்தால்?

கார்த்தி: தரையில் முறியட்டும் சித்தப்பா. அதற்குத்தான் இந்தச் சோதனையே.

சிங்கப்பூர் மாமா: சபாஷ் மாப்பிள்ளை 👏

பெரியப்பா: மணலை வைத்துப் பார்

ரேவதி அக்கா: கொள்ளிடத்து மணலா? வண்டியோடு பிடிப்பார்கள்

பெரியப்பா: தைத்த சிப்பத்தைப் பிரிக்காதே

கார்த்தி: நான்கை மட்டும் பிரிக்க வேண்டும். இறக்கையைத் தலைகீழாகப் போட்டு, உடம்போடு சேரும் பக்கம் முழுச் சிப்பம், நுனிப் பக்கம் 5 கிலோ பைகள். காற்று மேலே தூக்குவதும் அப்படித்தான், உடம்புப் பக்கம் அதிகம், நுனியில் குறைவு. எல்லா இடத்திலும் ஒரே மாதிரி அடுக்கினால் கணக்கே தப்பு.

மணி சித்தப்பா: அந்த முப்பதில் 12 என் பங்கு. என்னை யாரும் கேட்கவில்லை

பெரியப்பா: பாகப்பிரிவினையை இங்கே எடுக்காதே

மணி சித்தப்பா: பம்புசெட் விற்றபோதும் இதையேதான் சொன்னீர்கள்

பாபநாசம் அத்தை: ரெண்டு பேரும் சும்மா இருங்கள். நெல் காய்ந்திருக்கிறதா? எங்கள் ஊர் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17க்கு மேல் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்

பெரியப்பா: நேற்று கடித்துப் பார்த்தேன். நொறுங்குகிறது

ரேவதி அக்கா: இங்கே தூறல்

பாபநாசம் அத்தை: ஐயோ. தார்ப்பாய் போடுங்கள்

கார்த்தி: தார்ப்பாய் போட்டாயிற்று. நெல்லுக்கும் இறக்கைக்கும் சேர்த்து.

பெரியப்பா: கொள்முதல் டோக்கன் திங்கட்கிழமைக்கு வந்தால் 20 எடுத்துக்கொள். முப்பது பிறகு பார்க்கலாம்

மணி சித்தப்பா: உங்கள் பங்கு 18தான் அண்ணே

கார்த்தி: சித்தப்பா, நீங்களே வந்து நின்று பாருங்கள். ஒரு மணி சிந்தினாலும் நான் பொறுப்பு.

மணி சித்தப்பா: வந்து பார்க்கிறேன். தருகிறேன் என்று சொல்லவில்லை

பாபநாசம் அத்தை: எங்கள் வீட்டில் விதைநெல் போக ரெண்டு சிப்பம் இருக்கிறது. வண்டி நீதான் அனுப்ப வேண்டும். ஞாயிறு சாயங்காலம் 4.30க்கு ராகு காலம், அதற்குள் முடித்துவிடு