கோட்டுக்குப் போனவர்கள் சொல்லுங்கள்: என்ன கேட்டார்கள், எதை வைத்துத் தீர்த்தார்கள்?

உப்புவெளியான்:

திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் வீட்டில் ஒரு வழக்குக் கதை இருக்கும். ஆனால் எவ்வளவு செலவு, எத்தனை தவணை என்பதோடு கதை முடிந்துவிடும். நீதவான் எதைப் பார்த்து அந்தக் கட்டளையைக் கொடுத்தார் என்று ஒருவரும் சொல்வதில்லை. அதற்குத்தான் இந்தத் திரி. முதலில் என்னுடையது.

சாம்பல்தீவில் அம்மாவின் வளவு. பக்கத்துக் காணிக்காரர் ஓர் இரவில் கம்பிவேலியைப் பிடுங்கி, எங்கள் இரண்டு தென்னை அவர் பக்கம் போகும்படி நட்டுவிட்டார். விடிந்ததும் மாமா பொலிசுக்குப் போய் முறைப்பாடு எழுதினார். அவர்கள் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுக் கதைத்துப் பார்த்தார்கள், சரிவரவில்லை, இனி விட்டால் அடிபிடி வரும் என்று நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கை போட்டுவிட்டார்கள். லோயர்மார் 'அறுபத்தாறு வழக்கு' என்பார்களே, அது. 1979ஆம் ஆண்டு முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காணித் தகராற்றால் சமாதானம் குலையும் என்று கண்டால் போடுவது.

அம்மப்பாவின் பழைய காணி உறுதியைத் (பத்திரத்தை) தூக்கிக்கொண்டு லோயரிடம் போனோம். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "இங்கே காணி யாருடையது என்று ஒருவரும் கேட்கப்போவதில்லை தம்பி, யார் கையில் இருந்தது என்றுதான் கேட்பார்கள்" என்றார். அறிக்கை போட்ட நாளில் காணி யார் பிடியில் இருந்தது, அதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் யாராவது பலாத்காரமாக வெளியே தள்ளப்பட்டார்களா, அவ்வளவுதான் கேள்வி. அப்படித் தள்ளப்பட்டிருந்தால் திரும்ப உள்ளே விட வேண்டும்.

ஆகவே கரண்ட் பில், கிராம சேவகரின் கடிதம், வருசக்கணக்காக அந்தத் தென்னைகளில் ஏறித் தேங்காய் பறித்தவரின் சத்தியக்கடதாசி (சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம்), தங்கச்சியின் பிறந்தநாளுக்கு எடுத்த படம் (பின்னால் பழைய வேலி தெளிவாகத் தெரிகிறது) எல்லாம் சேர்த்தோம். சாட்சிக் கூண்டில் ஒருவரும் ஏறவில்லை. நீதவான் முதலில் சமாதானமாகப் போக இடமிருக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றதும் இரண்டு பக்கத்துச் சத்தியக்கடதாசிகளையும் வாசித்து, லோயர்மாரின் எழுத்துச் சமர்ப்பணத்தையும் பார்த்துக் கட்டளை கொடுத்தார். வேலி பழைய இடத்துக்குப் போனது. மாமா அன்று விடியவே முறைப்பாடு எழுதியதுதான் எங்களைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம், வேலி எந்த இரவில் நகர்ந்தது என்பதற்கு வேறு எழுத்து எங்களிடம் இல்லை.

இந்தக் கட்டளைக்கு அப்பீல் கிடையாது, மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு மட்டும் கேட்கலாம். பக்கத்துக் காணிக்காரர் அதைக் கேட்கவில்லை. நேரே மாவட்ட நீதிமன்றத்தில், காணி யாருடையது என்று கேட்கும் உரித்து வழக்குப் போட்டார். இப்போதுதான் அம்மப்பாவின் உறுதி வெளியே வந்திருக்கிறது, நீதிமன்றம் நியமித்த நில அளவையாளர் வந்து அளந்து வரைபடமும் கொடுத்துவிட்டார். வழக்கு நடக்கிறது.

கிண்ணியா நானா:

எங்களுடையது கோட்டுக்குள் போகாத கதை. தம்பிக்கும் வேறொரு பொடியனுக்கும் கிரிக்கெட் விளையாட்டில் வாய்த்தர்க்கம், கைகலப்பு, தம்பியின் உதடு கிழிந்து தையல் போட்டார்கள். வாப்பா "உள்ளே போடாமல் விடமாட்டேன்" என்று நின்றார். தண்டனைச் சட்டக்கோவையில் சின்னக் காயத்துக்கான 314ஆம் பிரிவு என்பதால் விசயம் மத்தியஸ்த சபைக்குப் போனது. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டப்படி, இப்படியான சின்ன விசயங்களில் அங்கே போய் இணங்கவில்லை என்ற சான்றிதழ் எடுத்தால்தான் பொதுவாக வழக்கு ஏற்பார்கள்.

லோயர் வரக்கூடாது. மூன்று பேர் மேசையில் இருப்பார்கள், எங்களுக்கு ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியர் தலைமை. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை என்பது அங்கே போனபிறகுதான் விளங்கியது. "யார் முதலில் அடித்தது?" என்று கேட்பார்கள் என்று வாப்பா சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார், அவர்கள் கேட்டதோ "இப்போது உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று. வாப்பாவுக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கடைசியில் ஆசுபத்திரிச் செலவு, பொடியனின் உம்மா வீட்டுக்கு வந்து கதைப்பது, இரண்டு பேரும் இனிப் பிரச்சினை எடுப்பதில்லை என்று எழுதிக் கையெழுத்து. வாப்பாவுக்கு இன்றும் அரை மனதுதான். எனக்கென்றால் இதைவிட நல்ல முடிவு வந்திருக்காது, அந்தப் பொடியன் ரெக்கோர்ட்டோடு வெளிநாடு போகமுடியாமல் எங்கள் தெருவிலேயே முறைத்துக்கொண்டு நின்றிருப்பான்.

பாலையூற்றுப் பொடியன்:

அண்ணன்மாரே, கூட்டாளி ஒருவனுக்குக் காசு கொடுத்தேன், எழுத்து ஒன்றும் இல்லை, வட்ஸ்அப்பில் "அடுத்த மாதம் தருகிறேன் மச்சான்" என்று மட்டும் போட்டிருக்கிறான். வழக்குப் போடலாமா?

உப்புவெளியான்:

போடலாம் தம்பி, ஆனால் இருந்து யோசிக்காதே. 1871ஆம் ஆண்டுக் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி எழுத்தில்லாத கடனுக்கு மூன்று வருசம், புரோநோட்டு எழுதியிருந்தால் ஆறு. அந்த மெசேஜை அழித்துவிடாதே, போனையும் விற்றுவிடாதே. லோயரிடம் காட்டு.

திருக்கடலூர் கடலோடி:

எனக்கு நடந்தது குற்ற வழக்கு, அதனால் வேறு மாதிரி. வெளியிணைப்பு எஞ்சின் ஒன்று களவு போனது. பிறகு வேறொரு கரையில் ஒருத்தனின் வாடிக்கு (மீன்பிடிக் கொட்டிலுக்கு) பின்னால் அதை எடுத்தார்கள், நம்பரை அரத்தால் சுரண்டியிருந்தது. நான் பார்த்த உடனே என்னுடையது என்று சொன்னேன், ஏனென்றால் பிடிப்பக்கத்தில் வெல்டிங் ஒட்டு இருக்கிறது, வெடித்தபோது நானே நின்று ஒட்டுவித்தது. ஊர் முழுக்க அவன்தான் என்று தெரியும். கூண்டில் ஏறி நானும் அதையே சொன்னேன். சிங்களத்தில் சாட்சி சொன்ன பொலிஸ்காரருக்குக் கோட்டு மொழிபெயர்ப்பாளரான முதலியார் தமிழில் மொழிபெயர்த்தார், அதிலும் எடுத்த இடம், நேரம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

எதிரியின் லோயர் ஒட்டிய மெக்கானிக்கிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இப்படி வேறு எஞ்சின்களுக்கும் ஒட்டியிருக்கிறீர்களா?" அந்த மனிசன் நேர்மையாக "நிறைய ஒட்டியிருக்கிறேன் ஐயா" என்றார். இரண்டாவது, வாடிக்கு வேலியும் இல்லை பூட்டும் இல்லை, யார் வேண்டுமானாலும் கொண்டுவந்து வைக்கலாம். நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்கப்படவில்லை என்று விட்டுவிட்டார்கள். அன்று எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பிறகு லோயர் சொன்னார், அவன் செய்யவில்லை என்று நீதவான் சொல்லவே இல்லை, செய்தான் என்று மறியலுக்கு அனுப்பப் போதுமான அளவு காட்டவில்லை என்றுதான் சொன்னார், இதுவே காசுக்கான சிவில் வழக்கு என்றால் எந்தப் பக்கம் கூடுதலாக நம்பத்தக்கது என்று பார்த்திருப்பார்கள், நீ வென்றிருக்கவும் கூடும் என்று. சரி, அது சட்டம். வேடிக்கை என்னவென்றால், "அந்த எஞ்சினை எனக்குத் தெரியவே தெரியாது" என்று அவன் சத்தியம் பண்ணியிருந்ததால் அதை உரிமை கோர ஆள் இல்லை. எஞ்சின் என்னிடமே திரும்பி வந்தது.

மூதூர் மருமகள்:

காணிக் கதையில் என் மாமனாருடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1990இல் எல்லோரையும் போல இவர்களும் ஓடியவர்கள். வயல் ஒருவர் கையில் இருந்தது. திரும்பி வந்து கேட்டபோது, பத்து வருசத்துக்கு மேல் நான் செய்கிறேன், இனி என்னுடையது என்றார். சட்டத்திலும் அப்படி ஓர் இடம் இருக்கிறது, பத்து வருசம் உரியவருக்கு எதிராகத் தடையில்லாமல் ஆண்டால் உரித்து வரும். போரால் வழக்குப் போட முடியாமல் போனவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்து, 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் எடுக்கக்கூடாது என்றார்கள், அதைப் பயன்படுத்தக் காலக்கெடுவும் வைத்தார்கள். எங்கள் வழக்கு அதற்கு முன்பே தொடங்கியது, அந்தச் சட்டம் தேவைப்படவும் இல்லை.

காரணம், மாமனார் எதையும் எறியாத மனிதர். அகதி முகாமில் இருந்த காலத்தில் அந்த ஆள் போகத்துக்குப் போகம் அரை மூட்டை நெல் கொடுத்தனுப்புவாராம், கூடவே "உங்கள் வயல் நெல், வாங்கிக்கொள்ளுங்கள்" என்று துண்டுக் கடிதமும். அந்தத் துண்டுகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருந்தன. விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவரின் உரிமையை ஏற்றுக்கொண்டவர், எனக்கே உரியது என்று ஆண்டதாகச் சொல்ல முடியாது. எங்கள் லோயர் அந்தக் கடிதங்களைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்று மட்டும் கேட்டார். அந்த ஆளைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு மனமில்லை, யுத்த காலத்தில் யாரும் நெல் அனுப்பச் சொல்லிக் கேட்கவில்லை, அவராகத்தான் அனுப்பினார். அந்த நல்ல மனதே அவருடைய வழக்கைத் தோற்கடித்தது.

தம்பலகாமம் அக்கா:

நான் பராமரிப்பு வழக்குப் போட்டவள், பிள்ளைகளுக்காக. இதுவும் நீதவான் நீதிமன்றம்தான், 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டம். பிள்ளைகளின் அப்பா மேசன் வேலை, கோட்டில் வந்து வேலையே இல்லை என்று கையை விரித்தார். அவரை வைத்து வேலை செய்விக்கும் பாஸ் ஒருவரைச் சாட்சியாக அழைப்பித்தோம். அவர் வந்து நாள் சம்பளத்தைச் சொன்னதும் கதை மாறிவிட்டது. நான் எவ்வளவு அழுதேன், மனிசன் எவ்வளவு குடித்தார் என்பதெல்லாம் எழுதிக்கொண்டு போயிருந்தேன், நீதவான் கேட்டதோ பள்ளிக்கூடச் செலவு எவ்வளவு, பால்மா எவ்வளவு, வீட்டு வாடகை எவ்வளவு. இப்போது மாதாமாதம் காசு கோட்டில் கட்டுகிறார், நான் போய் எடுக்கிறேன். கட்டாமல் விட்டால் பிடியாணை கேட்கலாம்.

லோயருக்குக் காசில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள், வருமானம் குறைந்தவர்களுக்காக அவர்களுடைய லோயர் பேசுவார். போகும்போது விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கிராம சேவகரின் கடிதம், கடைத் துண்டுகள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்கள்.