பென் டிரைவை இஜெக்ட் செய்யாமல் எடுத்தால் ஒரு கணினியில் மட்டும் கோப்பு கெடுவது ஏன்?

கேள்வி: திருவல்லிக்கேணி டிடிபி

அனைவருக்கும் வணக்கம். திருவல்லிக்கேணியில் தட்டச்சு, அச்சு, பைண்டிங் வேலைகள் செய்து தரும் ஒரு சிறிய கடையை நடத்தி வருகிறேன். சென்னைப் பல்கலைக்கழகம் சேப்பாக்கத்தில் பக்கத்திலேயே இருப்பதால் ஆய்வேடு அச்சிட வரும் மாணவர்களே எங்களுக்கு அதிகம். கடையில் இரண்டு கணினிகள் உள்ளன. ஒன்றில் விண்டோஸ் 10, மற்றொன்றில் லினக்ஸ். அவசரமாக வருகிறவர்கள் வேலை முடிந்ததும் பென் டிரைவை அப்படியே பிடுங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். இஜெக்ட், அதாவது எடுக்கப்போகிறோம் என்று கணினிக்கு முதலில் சொல்வது, யாரும் செய்வதில்லை. விண்டோஸ் கணினியில் இதுவரை அதனால் ஒரு கேடும் வந்ததில்லை.

சென்ற வாரம் லினக்ஸ் கணினியிலிருந்து, படங்களோடு சுமார் 600 எம்பி வரும் ஆய்வேட்டுக் கோப்புகளை ஒரு மாணவியின் பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்தேன். காப்பி முடிந்துவிட்டது என்று திரையில் கண்ட பிறகுதான் எடுத்தேன். அந்த மாணவி வீட்டுக்குப் போய்த் திறந்து பார்த்தால் பாதிக் கோப்புகள் பெயரளவில் இருக்கின்றன, உள்ளே ஒன்றுமே இல்லை. என் கணினியில் நகல் இருந்ததால் மறுநாளே மீண்டும் ஏற்றிக் கொடுத்தேன். அந்த நகலும் இல்லாதிருந்தால் அந்தப் பெண்ணின் பல ஆண்டு உழைப்புக்கு என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது. முடிந்துவிட்டது என்று கணினி காட்டிய பிறகும் இப்படி நேர்வது ஏன்? விண்டோஸில் இஜெக்ட் தேவையே இல்லை என்று சிலர் சொல்வது உண்மையா?

பதில்: அடையாறு கணினிப் பயிற்றுநர்

வணக்கம். லினக்ஸில் காப்பி செய்யும்போது தரவு முதலில் கணினியின் ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) போய்த் தங்குகிறது. அங்கிருந்து பென் டிரைவுக்கு அதன் வேகத்துக்கு ஏற்றபடி பின்னர்தான் எழுதப்படுகிறது. நீங்கள் கண்ட காப்பிப் பெட்டி, தரவு ரேமுக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் பெரும்பாலும் சொல்கிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் வழக்கமான அமைப்பில், எழுதப்பட வேண்டிய தரவு 30 நொடிகள் வரைகூட ரேமில் காத்திருக்கலாம், அதன் பிறகே எழுதும் வேலை தொடங்கலாம். நொடிக்கு 10 எம்பி எழுதக்கூடிய சாதாரண பென் டிரைவாக இருந்தால், 600 எம்பியை எழுதி முடிக்க மேலும் ஒரு நிமிடம் ஆகும். அந்த இடைவெளியில்தான் நீங்கள் எடுத்திருக்கிறீர்கள். இஜெக்ட் கொடுத்தால், ரேமில் எஞ்சியிருப்பதை முழுவதும் எழுதிவிட்டுத்தான் கணினி உங்களுக்கு அனுமதி தரும். கட்டளைகளைத் தட்டச்சிடும் டெர்மினலில் 'சிங்க்' என்ற கட்டளையைக் கொடுத்தாலும், எழுதி முடியும்வரை அது காத்திருக்கும்.

விண்டோஸின் கதை வேறு. 2018 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10, 1809 பதிப்பிலிருந்து வெளிச் சேமிப்புக் கருவிகளுக்கு 'குயிக் ரிமூவல்' என்ற முறையே இயல்பான அமைப்பாக ஆக்கப்பட்டது. அந்த முறையில் எழுத வேண்டியதை ரேமில் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் எழுதிவிடுகிறது. காப்பி சற்று மெதுவாகத் தோன்றுவதும் அதனால்தான். 'பெட்டர் பெர்ஃபார்மன்ஸ்' என்ற முறைக்கு யாராவது மாற்றி வைத்திருந்தால், விண்டோஸிலும் இஜெக்ட் கட்டாயம். டிவைஸ் மேனேஜரில் டிஸ்க் டிரைவ்ஸ் என்பதன் கீழ் அந்தக் கருவியின் பிராப்பர்ட்டீஸைத் திறந்தால், 'பாலிசிஸ்' என்ற பகுதியில் எந்த முறை உள்ளது என்று பார்க்கலாம். குயிக் ரிமூவல் இருந்தாலும், காப்பி ஓடிக்கொண்டிருக்கும்போதோ, வேர்டில் கோப்பு திறந்திருந்து சேமிக்கப்படும் நொடியிலோ பிடுங்கினால் அது காப்பாற்றாது.

பதில்: ரிச்சி தெரு சர்வீஸ்

மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எழுதிக்கொண்டிருந்த கோப்பு மட்டும் போனால் சேதம் அதோடு நின்றுவிடும். எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்து வைக்கும் அட்டவணை எழுதப்படும் நேரத்தில் பிடுங்கினால், பல மாதங்களாகத் தொடாத பழைய கோப்புகளும் சேர்ந்தே காணாமல் போகலாம். பென் டிரைவ்களில் கோப்புகளை அடுக்கி வைக்க வழக்கமாக இருக்கும் ஃபேட்32, எக்ஸ்ஃபேட் என்ற இரு முறைகளிலும், அரைகுறையாக நின்ற வேலையைப் பின்னர் சரிசெய்ய உதவும் ஜர்னல் கிடையாது. விண்டோஸின் மற்றொரு முறையான என்டிஎஃப்எஸ்ஸில் அது உண்டு. ஆனால் அது அட்டவணையைத்தான் காக்கும், கோப்பினுள் இருக்கும் தரவுக்குப் பொறுப்பேற்காது.

யுஎஸ்பி என்பது ஓடும்போதே கழற்றத்தானே செய்யப்பட்டது என்று பலர் எங்களிடம் கேட்பார்கள். தட்டையான யுஎஸ்பி முனைக்குள் பார்த்தால் மின்சாரத்துக்கான இரண்டு தகடுகள் நீளமாகவும், நடுவில் தரவுக்கான தகடுகள் குட்டையாகவும் இருக்கும். அதனால் இழுக்கும்போது தரவுத் தொடர்பு முதலில் அறும், மின்சாரம் பிறகு நிற்கும். இந்த ஏற்பாடு மின்சுற்றைக் காக்கவே; உள்ளே எழுதப்படும் கோப்பைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. சுழலும் தட்டுள்ள எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்காக இருந்தால், இஜெக்ட் கொடுத்துச் சுழற்சி நிற்கும்வரை சில நொடிகள் பொறுத்து, அதன் பிறகே மேசையிலிருந்து தூக்குங்கள். திடீரென்று மின்சாரம் நின்றால், தட்டில் தரவைப் படித்து எழுதும் ஹெட் தானாக ஒதுங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது என்றாலும், அதையே அன்றாட வழக்கமாக்கிக்கொள்வது நல்லதல்ல.

பதில்: தாம்பரம் ஆசிரியர்

நான் வினாத்தாள்களைப் பென் டிரைவில் கொண்டுபோய் அச்சிட்டு வருபவன். அச்சிட மட்டும் செய்யும்போது எதையும் எழுதுவதில்லையே, அப்போதும் இஜெக்ட் தேவையா?

பதில்: அடையாறு கணினிப் பயிற்றுநர்

நீங்கள் எழுதாவிட்டாலும் கணினி எழுதலாம், ஐயா. மேக் கணினியில் செருகினாலே தேடலுக்கான மறைவான கோப்புகளை அது பென் டிரைவில் உருவாக்கும். விண்டோஸும் 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற கோப்புறையை வைக்கும். ஆபத்து குறைவுதான், ஆனால் இல்லை என்று சொல்ல மாட்டேன். எழுதுவதைத் தடுக்கும் சிறு பொத்தான் உள்ள எஸ்டி கார்டாக இருந்தால், அதைத் தள்ளி வைத்துவிட்டுக் கொடுங்கள்.

பதில்: திருவல்லிக்கேணி டிடிபி

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று காலை அதே அளவுள்ள கோப்புகளை லினக்ஸ் கணினியில் காப்பி செய்து பார்த்தேன். பெட்டி மறைந்ததும் சிங்க் கொடுத்தேன். முழுதாக ஐம்பது நொடிகளுக்குப் பிறகே அது முடிந்தது. அந்த ஐம்பது நொடிகளும் பென் டிரைவின் விளக்கு மின்னிக்கொண்டே இருந்தது. இனி எங்கள் கையால் இஜெக்ட் செய்து, வேறொரு கணினியில் ஒருமுறை திறந்து காட்டிய பிறகே வாடிக்கையாளரிடம் கொடுப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரே ஒரு ஐயம்: சிலர் ஆண்ட்ராய்டு கைபேசியைக் கேபிளில் இணைத்துக் கோப்பு வாங்கிக்கொள்கிறார்கள். அதற்கு இஜெக்ட் எதுவும் தென்படவில்லையே?

பதில்: ரிச்சி தெரு சர்வீஸ்

கைபேசி எம்டிபி என்ற முறையில் இணைவதால், அதன் அட்டவணையைக் கணினி நேரடியாகத் தொடுவதில்லை. கணினி கோப்பை அனுப்பும், கைபேசியே தன் நினைவகத்தில் எழுதிக்கொள்ளும். நடுவில் கழற்றினால் அப்போது போய்க்கொண்டிருந்த கோப்பு மட்டும் அரைகுறையாக நிற்கும். காப்பி முடிந்ததும் கைபேசியிலேயே அந்தக் கோப்பைத் திறந்து பார்த்துவிட்டுக் கழற்றச் சொல்லுங்கள், அது போதும்.