ஹைப்போ, ஹைப்பர்: தமிழ் வகுப்பில் கிரேக்க முன்னொட்டுகளுக்கு இடம் உண்டா?

கறிவேப்பிலை (ரோஸ் ஹில், மொரீஷியஸ்)
போன மாதம் அம்மாவின் இரத்தப் பரிசோதனை முடிவைத் தொலைபேசியில் பிரெஞ்சில் சொன்னார்கள். சொன்னது "இப்போகிளிசெமி". என் காதில் விழுந்தது "இப்பேர்கிளிசெமி". பிரெஞ்சில் 'ஹ' ஒலிப்பதில்லை. ஹைப்போ (குறைவு) 'இப்போ' ஆகிறது, ஹைப்பர் (மிகுதி) 'இப்பேர்' ஆகிறது. லைனில் இரைச்சல் வேறு.

சர்க்கரை ஏறிவிட்டது என்று நினைத்து, சாயங்காலம் தேநீரில் சர்க்கரை போடவில்லை, பிஸ்கட்டையும் எடுத்து வைத்துவிட்டேன். சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் வழக்கம்போலக் கொடுத்தேன். ஒரு மணி நேரத்தில் அம்மாவுக்குக் கை நடுங்கியது, முதுகெல்லாம் வியர்வை, "நீ யாரும்மா?" என்று என்னையே கேட்டார். பக்கத்து வீட்டில் ஓய்வு பெற்ற நர்ஸ் ஒருவர் இருக்கிறார். ஓடி வந்து விரலில் குத்திப் பார்த்தார். சர்க்கரை அளவு 3.1 mmol/L. 3.9-க்குக் கீழே போனாலே குறைவாம். நான்கு சிறு கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வைத்தார். கால் மணி நேரம் கழித்து அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

அதனால் கேட்கிறேன். கோவிலில் நடக்கும் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில், கிரேக்க, லத்தீன் முன்னொட்டுகளைத் தமிழ்ப் பொருளோடு அரை மணி நேரம் சொல்லித் தரக் கூடாதா? முப்பது தெரிந்தால் போதும், மருந்துச் சீட்டில் பாதி புரியும்.

சனிக்கிழமை வாத்தியார்
அம்மா இப்போது நலம்தானே? படிக்கவே பதறுகிறது. ஆனாலும் இதற்கு நான் ஒப்ப மாட்டேன்.

நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், பள்ளியில் ஆங்கிலமும் பிரெஞ்சும். என் வகுப்பில் தமிழுக்குக் கிடைப்பது வாரத்தில் ஒன்றரை மணி நேரம். அதிலும் கிரேக்கத்தை நுழைத்தால் மிச்சம் என்ன? அன்று உங்களுக்குத் தேவைப்பட்டது முன்னொட்டு இல்லை, அம்மா. "சர்க்கரை குறைந்திருக்கிறது, இனிப்பு கொடுங்கள்" என்று ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்லாதது அவர்கள் தவறு. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன், மானிப்பாயில் மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். வெளியிலிருந்து வந்தவருக்கு இருந்த நம்பிக்கை நமக்கு இல்லையா?

மாத்திரைப்பெட்டி
ஐயா, கிரீன் மீது எனக்கும் மரியாதை உண்டு. ஆனால் நான் மருந்துக்கடையில் நிற்பவன். தினமும் என் கைக்கு வரும் சீட்டில் தமிழ் இல்லை, இனியும் வரப்போவதில்லை. 'டாக்கி' என்றால் வேகம், 'பிராடி' என்றால் மெதுவு. 'ஆன்ட்டி' என்றால் எதிர், 'ஆன்ட்டே' என்றால் முன். கர்ப்பிணிகளுக்கான ஆன்ட்டிநேட்டல் அட்டையில் இருப்பது இரண்டாவது. உச்சரிப்பில் இரண்டும் ஒன்றாகிவிடுவதால், ஆன்ட்டிபயாட்டிக் மாதிரி ஏதோ என்று நினைத்துப் பயந்துபோய்க் கேட்டவர்கள் உண்டு.

இன்னொன்று. இது நமக்கு அவ்வளவு அந்நியமும் இல்லை. வடமொழி வழியாக நம்மிடம் இருக்கும் அசுத்தம், அநேகம் இரண்டையும் பாருங்கள். அ + சுத்தம். அன் + ஏகம், அதாவது ஒன்று அல்லாதது. மெய்க்கு முன் 'அ', உயிருக்கு முன் 'அன்'. கிரேக்கத்திலும் அதே விதிதான், இரண்டும் ஒரே மூலத்து உறவு. அனீமியாவில் இருப்பது அந்த 'அன்'. அன் + ஹைமா, இரத்தம் இல்லாமை. இதைச் சொல்லித் தந்தால் தமிழ் குறைந்தா போகும்? பிள்ளைக்கு அநேகம் என்ற சொல்லும் சேர்த்துப் புரியும்.

பதினோராம் வகுப்பு
நான் உயிரியல் எடுத்துப் படிக்கிறேன். எங்களுக்குப் பாடம், தேர்வு எல்லாம் ஆங்கிலத்தில். முன்னொட்டுப் பட்டியலை மனப்பாடம் செய்தவள் என்பதால் சொல்கிறேன் அக்கா, அது கவிழ்த்தும் விடும். 'ஹைப்போ என்றால் குறைவு' என்று படித்துவிட்டு, ஹைப்போதலாமஸ் என்றால் ஏதோ வளர்ச்சி குறைந்த தலாமஸ் (மூளையின் ஒரு பகுதி) என்று எழுதிவிட்டேன். அது தலாமஸுக்குக் கீழே இருக்கும் பகுதி, அவ்வளவுதான். ஹைப்போடெர்மிக் ஊசியும் தோலுக்குக் கீழே போகிற ஊசி. 'பாரா'வும் அப்படித்தான். பாராதைராய்டு என்றால் தைராய்டுக்குப் பக்கத்தில்.

சனிக்கிழமை வாத்தியார்
இதைத்தான் சொல்ல வந்தேன்! கிரேக்கன் ஒரே 'ஹைப்போ'வை இடத்துக்கும் அளவுக்கும் வைத்தான். நமக்குக் 'கீழ்' வேறு, 'குறை' வேறு. தமிழில் யோசிக்கும் பிள்ளைக்கு இந்தக் குழப்பமே வராது. பட்டியல் போட்டு 'ஹைப்போ = குறைவு' என்று ஒப்பிக்க வைத்தால் இருக்கிற தெளிவும் போய்விடும்.

மாத்திரைப்பெட்டி
குழப்பம் பட்டியலில் இருக்கிறது ஐயா, முன்னொட்டில் இல்லை. இரண்டு பொருளையும் சொல்லித் தந்தால் முடிந்தது. மருத்துவச் சொற்களை உருவாக்கியவர்களே கறாராக இல்லை. ஹைப்பர்டென்ஷனில் ஹைப்பர் கிரேக்கம், டென்ஷன் லத்தீன்.

கறிவேப்பிலை
அம்மா நலம் ஐயா, நன்றி. தங்கை சொன்னதைப் படித்ததும் ஒன்று தோன்றியது. இங்கே தெருவில் அவித்து விற்கும் பிஸ்தாஸ், நம் நிலக்கடலை. அதன் அறிவியல் பெயர் அராக்கிஸ் ஹைப்போஜியா. 'ஹைப்போ' கீழ், 'கே' நிலம். தஞ்சாவூர்ப் பக்கம் எங்கள் கொல்லையில் போட்டிருந்தோம். மஞ்சள் பூ மேலேதான் பூக்கும். வாடியதும் அதன் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒரு காம்பு இறங்கி மண்ணைக் குத்திக்கொண்டு உள்ளே போகும். அதன் நுனிதான் மண்ணுக்குள் கடலையாகும். கடலைக்கு நாம் நிலத்தை வைத்துப் பெயர் சொன்னோம், அவர்களும் நிலத்தை வைத்தே சொன்னார்கள். தொட்டியில் ஒரு செடி வளர்க்கிறேன், இப்போது காம்பு இறங்கிக்கொண்டிருக்கிறது. மாணவர்கள் அதைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். அப்புறம் 'கீழ்' என்று தமிழிலும் 'ஹைப்போ' என்று கிரேக்கத்திலும் எழுதட்டும். இதில் தமிழுக்கு என்ன நஷ்டம்?

சனிக்கிழமை வாத்தியார்
செடியைக் கொண்டு வாருங்கள். கீழ், மேல், இடை, உள், புறம் ஐந்தையும் பாடமாக வைக்கிறேன், ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரேக்கச் சொல்லோ லத்தீன் சொல்லோ பக்கத்தில் வரட்டும். முப்பதுக்கும் பட்டியல் அடிப்பதற்கு மட்டும் நான் இன்னும் ஒப்பவில்லை.

மாத்திரைப்பெட்டி
நானும் விடுவதாக இல்லை ஐயா. 'டாக்கி'க்கும் 'பிராடி'க்கும் எந்தச் செடியைக் காட்டுவீர்கள்?