போஸ்ட்கிரெஸ் 'பேனிக்' ஆகி நின்றுவிட்டது, பிஜி_வால் ஃபைல்களை அழிக்கலாமா?

கேள்வி:
வணக்கம். ஒரு மொத்த வியாபாரக் கடையின் பில்லிங் சர்வரை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். உபுண்டு, போஸ்ட்கிரெஸ் 14 டேட்டாபேஸ். மதியம் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே நின்றுவிட்டது. லாகின் கடைசியில் 'பேனிக்', அதோடு 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. மறுபடி ஸ்டார்ட் செய்தால் ரெக்கவரி ஓடி, அதே வரியில் விழுகிறது. 100 ஜிபி டிஸ்க்கில் பிஜி_வால் என்ற கோப்புறை மட்டும் 61 ஜிபி. உள்ளே 16 எம்பி ஃபைல்களாக ஏறக்குறைய 3,900. பழையதை அழித்தால் இடம் கிடைக்குமே என்று கை பரபரக்கிறது. அழிக்கலாமா? கடையில் கையால் பில் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

பதில் 1:
பிஜி_ரீசெட்வால் (வாலைத் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கும் கருவி) ஓட்டுங்கள், உடனே ஏறிவிடும்.

பதில் 2:
தம்பி, ஃபைலை அழிப்பது, ரீசெட்வால் ஓட்டுவது, இரண்டையும் செய்யாதீர்கள். ரீசெட்வால் ஓட்டினால் ஏறும், உண்மைதான். ஆனால் கமிட் ஆன (சேமித்து முடித்த) பில் முதலில் வாலில், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டில்தான் எழுதப்படும். டேட்டா ஃபைலுக்குப் பிறகுதான் போகும். வாலைத் தூக்கி எறிந்தால் கடைசிப் பில்கள் போகும், டேபிளும் இன்டெக்ஸும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் நிற்கும். அது எந்த வழியும் இல்லாதபோது தொடவேண்டியது. இந்தக் கோப்புறைக்கு முன்பு பிஜி_எக்ஸ்லாக் என்று பெயர். வெறும் லாக் என்று நினைத்துப் பலர் அழித்ததால்தான் 2017இல், பதிப்பு 10இல், பெயரையே மாற்றினார்கள்.

லாகில் 'ஃபேட்டல்' என்று வந்தால் ஒரு இணைப்பு மட்டும் அறுந்துபோகும். பேனிக் வந்தால் சர்வரே எல்லாரையும் துண்டித்துவிட்டு இறங்கிவிடும். வாலில் எழுத முடியாதபோது 'சேமித்துவிட்டேன்' என்று பொய் சொல்லாமல் நின்றதே, அது உங்களுக்கு நல்லதுதான்.

இப்போது தேவை கொஞ்சம் இடம், அவ்வளவுதான். டிஸ்க் எக்ஸ்ட்4 என்றால் வழக்கமாக 5 சதவீதம் ரூட்டுக்கென்று ஒதுக்கியிருக்கும். 'டியூன்2எஃப்எஸ்' கட்டளையில் 'எம்' ஆப்ஷனை 1 ஆக்கினால் 4 ஜிபி வரை கைக்கு வரும். பிறகு ஸ்டார்ட் செய்து, ரெக்கவரி முடியும்வரை பொறுங்கள்.

ஏறியதும் பிஜி_ரெப்ளிகேஷன்_ஸ்லாட்ஸ் வியூவைப் பாருங்கள். ஸ்லாட் என்பது, இன்னொரு சர்வர் வாங்கிக்கொள்ளும்வரை வாலை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லும் குறிப்பு. ஆக்டிவ் ஃபால்ஸ் என்று ஏதாவது ஸ்லாட் இருந்தால் அதுதான் வாலைப் பிடித்து வைத்திருக்கிறது. இல்லையென்றால் வாலை வேறிடத்துக்கு நகலெடுக்கும் ஆர்க்கைவ் கட்டளை தோற்கிறதா என்று பிஜி_ஸ்டாட்_ஆர்க்கைவரில் பாருங்கள்.

கேட்டவர்:
அண்ணா, ஏறிவிட்டது! ரெக்கவரிக்கு ஆறு நிமிடம். ஸ்லாட் ஒன்று ஃபால்ஸ்தான். இரண்டு மாதம் முன்பு நிறுத்திய ரிப்போர்ட் சர்வருடையது. மெஷினை எடுத்துவிட்டோம், ஸ்லாட்டை மறந்துவிட்டோம்.

பதில் 2:
அந்தச் சர்வர் திரும்ப வராது என்றால் பிஜி_டிராப்_ரெப்ளிகேஷன்_ஸ்லாட் போட்டு எடுத்துவிடுங்கள். அப்புறம் ஒரு செக்பாயிண்ட் (நினைவகத்தில் உள்ள மாற்றங்களை டேட்டா ஃபைலில் எழுதி முடிப்பது). பழைய ஃபைல்களைப் போஸ்ட்கிரெஸ் தானே கழித்துவிடும், நீங்கள் கை வைக்கவேண்டாம். ஸ்லாட் எவ்வளவு வாலைப் பிடித்து வைக்கலாம் என்று சொல்லும் மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸையும் 20 ஜிபி மாதிரி வையுங்கள். பதிப்பு 13இலிருந்து இருக்கிறது. சும்மா விட்டால் வரம்பே கிடையாது. வரம்பைத் தாண்டிப் பின்தங்கும் ரெப்ளிக்காவை (நகல் சர்வரை) புதிதாகக் கட்டவேண்டி வரும், ஆனால் கடை நிற்காது.

பதில் 3:
நான் எல்லாச் சர்வரிலும் 2 ஜிபி இடத்தை அடைத்து நிற்கும் ஒரு டம்மி ஃபைலை அதே டிஸ்க்கில் போட்டு வைப்பேன். இப்படி நிறையும்போது அதை அழித்தால் மூச்சுவிட இடம் கிடைக்கும்.

கேட்டவர்:
ஸ்லாட்டை எடுத்தாயிற்று. செக்பாயிண்டுக்குப் பிறகு பிஜி_வால் 1 ஜிபிதான். நிற்பதற்கு முன் பிரிண்ட் ஆன கடைசிப் பில்லை எடுத்துவரச் சொல்லி, எண்ணையும் தொகையையும் ஒப்பிட்டேன். அப்படியே இருக்கிறது. கையால் எழுதியவற்றை இப்போது ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள்.